ப்ரீதர் குழாய் செய்த குற்றம் என்ன?

புல்லட் வைத்திருப்பவர்கள் நடுவே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் ப்ரீதர் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் கட்டைவிரல் அளவு குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகி, சீட்டுக்கு அடியில் தொங்கவிட்டால் இன்ஜின் ஆயுள் கூடுமாம். "அண்ணே, கவர்மெண்ட்டுக்குப் பயந்து கம்பெனிக்காரன் வச்ச ட்யூப் இது. அழுக்குப் புகையை இன்ஜினே திரும்பக் குடிக்குது. புடுங்கி வெளிய விடுங்க, அப்புறம் வண்டி எப்படி ஓடுதுன்னு பாருங்க" என்பார் மெக்கானிக். பக்கத்தில் நிற்கும் இன்னொரு புல்லட்காரர் தலையாட்டுவார். ஐந்து நிமிட வேலை, சில நூறு ரூபாய் செலவு. வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். நேற்றும் நன்றாகத்தான் ஓடியது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்த நம்பிக்கைக்குள் ஒன்றிரண்டு உண்மைகள் உண்டு. அவற்றைப் பின்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றை வைத்து எடுக்கிற முடிவு தவறு. குழாயைப் பிடுங்குவதால் இன்ஜினுக்கு நன்மை இல்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியில் அது கெடுதலே செய்கிறது. அந்தக் கெடுதல் மெதுவாக வருவதால், 'போர்' வேலைக்கு இன்ஜினை இறக்கும் நாளில் பழி வேறு எதன் மேலோ விழுகிறது.

பிஸ்டன் ரிங் எதுவும் நூற்றுக்கு நூறு அடைப்பதில்லை. சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி விட்டே செய்கிறார்கள். பிளக் பொறியடிக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் அந்த இடைவெளி வழியாகவும் ரிங்கின் ஓரங்கள் வழியாகவும் கொஞ்சம் வாயுவைக் கீழே தள்ளும். இதற்குத்தான் ப்ளோ-பை என்று பெயர். அதில் பெரும்பகுதி எரியாத பெட்ரோல்-காற்றுக் கலவை. மிச்சம் எரிந்த புகை, கரித்துகள், நைட்ரஜன் ஆக்ஸைடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வதன் பலன் இது. அந்தத் தண்ணீரில் கிட்டத்தட்ட எல்லாமே ஆவியாகச் சைலன்ஸர் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டி வரும் சிறு பங்கு கிராங்க்கேஸுக்குள் தங்குகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் சுவரில் வியர்த்து ஆயிலில் இறங்கி, நைட்ரஜன் ஆக்ஸைடோடு சேர்ந்து அமிலமாகும். ஆயில் மூடியைத் திறக்கும்போது அடியில் வெண்மஞ்சளாக, தயிரும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். பேரிங்கை அரிப்பதும் ஆயிலின் காரச் சேர்மானங்களைத் தின்று தீர்ப்பதும் அதுவே.

ஆகவே கிராங்க்கேஸுக்குள் சேரும் வாயு வெளியேற வேண்டும் என்பதில் எனக்கும் குழாயைப் பிடுங்குபவர்களுக்கும் சண்டையில்லை. எந்த வழியாக வெளியேற வேண்டும், அந்த வழியாகத் திரும்ப உள்ளே வருவது என்ன என்பதில்தான் சண்டை. இரண்டாவது கேள்வியை அவர்கள் கேட்பதே இல்லை.

'யூசிஇ' இன்ஜின் கொண்ட பழைய புல்லட் 350-இல் சிலிண்டரின் கொள்ளளவு 346 சிசி. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் அடியிலுள்ள இடம் 346 சிசி சுருங்கும்; ஏறும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு விரியும். 3000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 50 முறை நடக்கிறது. கிராங்க்கேஸ் என்பது கொல்லன் உலையின் துருத்தி மாதிரி. ஊதுவது பாதி வேலை, இழுப்பது மீதிப் பாதி. ப்ளோ-பை ஒரு நிமிடத்துக்குச் சேர்க்கும் வாயு சில லிட்டர்தான். ஆனால் இந்த ஊதலும் இழுப்பும் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்றை அசைக்கப் பார்க்கும். அதில் எல்லாம் குழாய் வழியே போய்வருவதில்லை என்பது உண்மை. கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்று அமுங்கிக்கொடுக்கும், குழாயின் குறுகலும் தடுக்கும். ஆனாலும் குழாயின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். ஊதுவதும் இழுப்பதும் தெரியும்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் மாட்டப்பட்ட குழாய் இழுப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உலர்ந்த காற்றை. சீட்டுக்கு அடியில் தொங்கும் குழாய் இழுப்பது, பின்சக்கரம் கிளப்பும் புழுதிக்கும் சேற்றுத் தெறிப்புக்கும் நடுவே உள்ள காற்றை. நடுவில் காவலுக்கு இருப்பது அந்தக் குட்டி ஃபில்டர் ஒன்றுதான். அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சுற்றுக் கம்பிவலை, அதற்குள் கொஞ்சம் துணி அல்லது ஃபோம். சில வாரங்களில் உள்ளிருந்து வரும் ஆயில் ஆவி அதை நனைத்துவிடும். நனைந்த ஃபோமில் தூசி பசைபோல் ஒட்டும். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். ஃபோம் பிய்ந்து தூசியை உள்ளே விடும், இல்லாவிட்டால் முழுக்க அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் ப்ளோ-பை வாயு போக இடமின்றி ஆயில் சீலையும் கேஸ்கெட்டையும் தள்ளும். "ப்ரீதர் ஃபில்டர் போட்ட பிறகும் ஆயில் கசியுதே" என்று கேட்டு வரும் வண்டிகளில் அந்த ஃபில்டரைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழாயைப் பிடுங்கியாயிற்று, சரி. ஏர் ஃபில்டர் பெட்டியில் அது மாட்டியிருந்த மூக்கு என்னவாகிறது? பல வண்டிகளில் அந்த மூக்கு ஃபில்டருக்குப் பின்னால், சுத்தமான காற்று இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதை அடைக்காமல் விட்டால் அந்த ஓட்டை வழியாக வடிகட்டாத காற்று நேரே சிலிண்டருக்குப் போகும். பிளாஸ்டிக் உறையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அடைத்த வண்டிகளும் உண்டு. வெயிலில் அந்த ரப்பர் ஒரு கோடைக்குத் தாங்காது. நம் சாலைப் புழுதியில் மணல்தூள் நிறைய. மணலில் உள்ள குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது சிலிண்டர் சுவரிலும் ரிங்கிலும் உப்புத்தாள் வேலை செய்யும். ரிங் தேய்ந்தால் ப்ளோ-பை கூடும். ப்ளோ-பை கூடினால் ப்ரீதரில் ஆயில் அதிகம் வரும். ஆயில் அதிகம் வருவதைப் பார்த்து, "நல்லவேளை, இதெல்லாம் இன்ஜினுக்குள்ள போகாம வெளிய விட்டோம்" என்று வண்டிக்காரர் நிம்மதி அடைவார். தான் உண்டாக்கிய நோயின் அறிகுறியையே தன் வைத்தியத்தின் வெற்றியாக அவர் எண்ணிக்கொள்கிறார்.

தண்ணீர் விஷயம் தனி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூடான இன்ஜின் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்தச் சுருக்கம் ஏதாவது ஒரு வழியாக வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். ப்ரீதரின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுக்கப்படுவது தண்ணீர். மணாலி-லே சாலையில் ஓடைகளைக் கடக்கும் புல்லட்களுக்கும் இதே கதைதான். ஏர் ஃபில்டர் பெட்டியில் மாட்டிய குழாயின் வாய், காற்று நுழையும் வாய் அளவுக்கு உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் எப்படியும் வண்டி நின்றுவிடும். செயின் பக்கம் இறக்கி விட்ட குழாய்க்கு முழங்கால் தண்ணீரே போதும். தண்ணீர் வடிந்த பிறகு கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும், அதுதான் ஆபத்து. ஆயிலோடு கலந்த தண்ணீர் வெளியே தெரியாமல் பேரிங்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

மூடிய குழாய் அரசாங்கத்துக்காக வைத்தது என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1950-கள் வரை கார்களில் கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்ற ஒரு திறந்த குழாய் இருந்தது. வண்டிக்கு அடியில் தரையை நோக்கித் தொங்கும். வண்டி வேகமாகப் போகும்போது அதன் வாயைக் கடக்கும் காற்று உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கும். நகரத்துக்குள் நின்று நின்று போனால் உறிஞ்ச ஆளில்லை. வாயு உள்ளேயே தங்கி, ஆயில் சேறாகிக் குழம்பும். டாக்ஸிகளும் வீட்டு வாசல்தோறும் நிற்கும் வேன்களும் இந்தச் சேற்றால் படாதபாடு பட்டன. இரண்டாம் உலகப்போரில் டாங்கிகள் ஆழமான நீர்நிலைகளைக் கடக்க வேண்டி வந்தபோது திறந்த குழாய் உதவவில்லை. தண்ணீர் உள்ளே புகாமலிருக்க, கிராங்க்கேஸ் வாயுவை இன்ஜினின் உள்ளிழுப்புப் பாதைக்கே திருப்பிவிடும் மூடிய முறை அப்போது உருவானது. காற்று மாசு பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. இன்ஜினைக் காப்பாற்றவே அது பிறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தின் வேதியியலை விஞ்ஞானி ஆரி ஹாகன்-ஸ்மிட் விளக்கிய பிறகு, கலிஃபோர்னியா 1960-களின் தொடக்கத்தில் புதிய கார்களுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கியது. 1963-இல் அமெரிக்கா முழுவதும் கார்களில் அது வந்துவிட்டது. சட்டம் ஏற்கெனவே இருந்த ஒரு நல்ல கருவியை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள்கள் பின்னால் வந்து சேர்ந்தன.

"அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வண்டியெல்லாம் திறந்த ப்ரீதர்தானே, ஐம்பது வருஷம் ஓடலையா?" என்று கேட்பார்கள். ஓடின. எப்படி ஓடின என்று பார்ப்போம். ட்ரையம்ஃப் 650 இரட்டை சிலிண்டர் வண்டியில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். துருத்தியின் அளவு இரட்டிப்பு. அதற்காகக் கேம்ஷாஃப்டின் முனையில் சுழலும் ஒரு வட்டத் தகடு வைத்தார்கள். பிஸ்டன் இறங்கும்போது மட்டும் அது துளையைத் திறக்கும், ஏறும்போது மூடும். 1970-இல் அதை விட்டுவிட்டு, கிராங்க்கேஸிலிருந்து ப்ரைமரி செயின் பெட்டிக்குள் துளைகள் போட்டு, அந்தப் பெட்டியையே ஆயிலைப் பிரித்தெடுக்கும் அறையாக்கி, அங்கிருந்து அகலக் குழாய் ஒன்றைப் பின்னோக்கி இழுத்தார்கள். ஹார்லி டேவிட்ஸன் பெரிய இன்ஜின்களில் பல பத்தாண்டுகளுக்கு ஒரு பல்சக்கரமே வால்வு வேலை பார்த்தது. 1999 மாடலாக ட்வின் கேம் இன்ஜின் வந்தபோது சிலிண்டர் தலையில் குடை வடிவ ரப்பர் வால்வுகளை வைத்து, வாயுவை ஏர் க்ளீனருக்குள்ளேயே விட்டார்கள். நம் திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டிலும் 'டக்பில்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் ரப்பர் வாய் ஒன்று உண்டு. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அதன் உதடுகள் பிரியும், வெளிக்காற்றை இழுக்கப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஆக, அந்த மோட்டார் சைக்கிள்களைச் செய்த பொறியாளர் எவரும் வெறும் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகவில்லை. இழுப்பைத் தடுக்கவோ, ஆயிலைப் பிரிக்கவோ ஏதேனும் ஒரு ஏற்பாடு எப்போதும் இருந்தது. சீட்டுக்கடியில் தொங்கும் குட்டி ஃபில்டரில் இரண்டும் இல்லை. அந்த வண்டிகளுக்கு அடிக்கடி ஆயில் மாற்றியதையும், ரிங் மாற்றுவது வழக்கமான பராமரிப்பாகவே இருந்ததையும் பழம்பெருமை பேசுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வண்டிக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 180 டிகிரி இரட்டை சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும். கிராங்க்கேஸின் மொத்த இடம் பெரிதாக மாறாது. நான்கு சிலிண்டர் வண்டியிலும் அப்படியே. பிஎம்டபிள்யூ பாக்ஸர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வரும்; முழு சிசியும் துருத்தியாகும். இன்டர்செப்டர் 650-இன் 270 டிகிரி கிராங்க்கில் அசைவு ஓரளவே ரத்தாகும், முழுக்க அல்ல. நான்கு சிலிண்டர் ஜப்பான் வண்டிக்காரர் செய்து பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னதைக் கேட்டு ஒற்றை சிலிண்டர்காரர் தன் குழாயைப் பிடுங்கினால், அவர் பார்க்காத பாதியை அவர் இன்ஜின் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது கரி. "அழுக்குப் புகை வால்வில் கரியாய்ப் படியும்" என்கிறார்கள். இந்தப் பயம் கார் உலகத்திலிருந்து கடன் வாங்கியது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் தொடுவதே இல்லை; ப்ரீதர் கொண்டுவரும் ஆயில் ஆவி அங்கே காய்ந்து கெட்டியாகப் படிகிறது. உண்மையான தலைவலிதான் அது. நம் மோட்டார் சைக்கிள்களிலோ கார்பரேட்டர் வண்டியானாலும் இன்ஜெக்டர் வண்டியானாலும் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. வால்வின் முதுகு ஓயாமல் பெட்ரோலில் கழுவப்படுகிறது. இன்ஜெக்டர் வண்டியில் த்ராட்டில் பாடியின் ஓரத்தில் பழுப்பாய் ஒரு படிவு சேரும், ஐட்லிங் கொஞ்சம் தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். சர்வீஸில் க்ளீனர் அடித்துத் துணியால் துடைத்தால் போகிற காரியம் அது.

பிக்கப் பற்றிய பேச்சும் அப்படித்தான். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் ப்ளோ-பை என்பது உள்ளிழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும். அதை வெளியே திருப்பினால் இருபது குதிரைத்திறன் வண்டியில் என்ன கூடும்? ஆயில் ஆவி கலந்தால் கலவையின் நாக்கிங் தாங்கும் திறன் குறையும் என்ற வாதம், கம்ப்ரஷன் கடுமையாக உள்ள டர்போ இன்ஜினுக்குப் பொருந்தும். 8.5:1 கம்ப்ரஷன் கொண்ட யூசிஇ புல்லட்டுக்கு அது பெரிய இடத்து நோய். "வண்டி லேசாயிடுச்சு" என்று சொல்பவர்கள் அதே நாளில் பிளக்கும் மாற்றி, செயினுக்கு எண்ணெயும் போட்டு, ஆயிலையும் மாற்றியிருப்பார்கள். பந்தயத்தைக் காட்டி வாதாடுபவர்களுக்கு ஒரு தகவல்: உலக சூப்பர்பைக் பந்தயங்களுக்கான விதிகளே மூடிய ப்ரீதர் முறையைத்தான் கட்டாயமாக்குகின்றன. ப்ரீதர் குழாய் நடுவில் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் டேங்க் ஒன்றின் வழியாக வரலாம். முடிவில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்தான் விழ வேண்டும். இருநூறு குதிரைத்திறன் வண்டிகளை ஓட்டுபவர்களுக்குப் பறிபோகாத பிக்கப், கடைத்தெருவுக்குப் போகும் புல்லட்டுக்கு மட்டும் பறிபோகிறதாம்.

இனி நான் ஒப்புக்கொள்வதாகச் சொன்ன உண்மை. ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்குகிறது. பேப்பர் ஃபில்டர் நனைந்து கறுத்துப்போகிறது. புகார் உண்மையானது, பிடுங்குபவர்களின் மொத்தக் கோபமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அந்த ஆயில் ஏன் வந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, அது வந்த வழியைத் துண்டித்துவிட்டுத் தீர்ந்தது என்கிறார்கள்.

முதல் காரணம், அதிகமாய் ஊற்றிய ஆயில். இதுதான் பெரும்பாலான வண்டிகளில் நான் பார்ப்பது. ஆயில் பார்க்கும் கண்ணாடி வலப்பக்கம் உள்ள வண்டியைச் சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்து நிறுத்தினால் ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். கண்ணாடியில் குறைவாகத் தெரியும். "ஆயில் கம்மியா இருக்கு" என்று ஊற்றுவார்கள். டப்பாவில் மிச்சம் வைப்பானேன் என்று முழுவதையும் கவிழ்ப்பவர்களும் உண்டு. கிராங்க் சுழலும்போது அதிகப்படியான ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். பிஸ்டனின் ஊதல் அந்த நுரையை ப்ரீதர் வழியே தள்ளும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி அணைத்து, ஆயில் இறங்கச் சில நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கணக்கு சரியாகத் தெரியும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல்கோட்டைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, தேய்ந்த ரிங். ஆயில் அளவு சரியாக இருந்தும் பெட்டியில் ஆயில் சேர்ந்துகொண்டே இருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். கேஜ் வைத்து ஒருமுறை, பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுமுறை பார்த்தால், இரண்டாவது அளவு ஏறினால் ரிங்கில் குறை என்று பொருள். பிடுங்கிய குழாய் இந்த வேலையைத்தான் செய்யவிடாமல் தடுக்கிறது. ஆயில் வெளியே சொட்டி ரோட்டில் போய்விட்டால் ரிங்கின் தேய்மானத்தை எதில் பார்ப்பீர்கள்? ஏர் ஃபில்டர் பெட்டியின் ஆயில், இன்ஜினுக்குள் இருப்பதை வெளியே காட்டும் செலவில்லாத பரிசோதனை. நோயாளிக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டரை உடைப்பதில் என்ன வைத்தியம் இருக்கிறது?

மூன்றாவது, சும்மா விடப்பட்ட வடிகுழாய். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் முனை அடைத்த கண்ணாடி போன்ற சிறு குழாய் ஒன்று தொங்கும். பெட்டியில் சேரும் ஆயிலும் தண்ணீரும் அதில் வந்து நிற்கும். அவ்வப்போது மூடியைக் கழற்றி வடித்துவிட வேண்டும். மழையில் ஓட்டினாலும், முழு த்ராட்டிலில் ஓட்டினாலும், வண்டியைக் கழுவினாலும், வண்டி சாய்ந்து விழுந்தாலும் இன்னும் அடிக்கடி வடிக்க வேண்டும் என்று ஹோண்டா கையேடுகள் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு நிமிட வேலை. வண்டி வாங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்தக் குழாயைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள்தான் ப்ரீதரைப் பிடுங்கச் சொல்லி முதலில் குரல் கொடுப்பவர்கள்.

ப்ரீதர் குழாயில் ஆயிலைப் பிடிக்கும் புட்டியான கேட்ச் கேன் போடுபவர்கள் அதில் சேர்ந்ததைக் காட்டி, "பாருங்க, இவ்வளவு அசிங்கமும் இன்ஜினுக்குள்ள போயிருக்கும்" என்பார்கள். அந்த அசிங்கத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர், மேலே கொஞ்சம் ஆயில். அந்தத் தண்ணீர் சொல்லும் செய்தி ஒன்றே: இந்த வண்டி சூடேறும் முன்பே அணைக்கப்படுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கு விட இரண்டு கிலோமீட்டர், காய்கறிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் ஆயில் ஒருநாளும் தண்ணீரை ஆவியாக்கும் சூட்டைத் தொடாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் மோசம். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் தீரும் சிக்கலுக்கு இரண்டாயிரம் ரூபாய் அலுமினியப் புட்டி எதற்கு? புட்டியை இடையில் வைத்து, அதன் மறுமுனையைத் திரும்ப ஏர் ஃபில்டர் பெட்டியிலேயே மாட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிரம்பும் முன் காலி செய்யும் பொறுமை உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம்.

ஒருவழி வால்வு போடும் கூட்டத்தோடு எனக்குப் பாதிச் சண்டைதான். இழுப்பைத் தடுக்க வேண்டும் என்பதையாவது அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வாயுவை வெளியேவிட்டு உள்ளே விடாத நல்ல வால்வு, கிராங்க்கேஸில் லேசான வெற்றிடத்தை உண்டாக்கும். ஆயில் சீல்களின் மேல் சுமை குறையும். பழைய இரும்பு இன்ஜினின் கசிவு பல சமயம் அதனாலேயே நிற்கும். ஆனால் அந்த வால்வு இன்ஜினுக்குப் பக்கத்தில், குட்டைக் குழாயில் இருக்க வேண்டும். வெண்மஞ்சள் குழம்பு ஒட்டாமல் அடிக்கடி துடைக்க வேண்டும். கார்களின் மூடிய முறையில் மேனிஃபோல்டு உறிஞ்சலுக்காகச் செய்த பிசிவி வால்வை எடுத்து நொடிக்கு 50 முறை அடிக்கும் ஒற்றை சிலிண்டரில் மாட்டினால், திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் அது தத்தளிக்கும். ஒட்டிக்கொண்டு மூடியே நின்றுவிட்டால் கசிவு இரண்டு மடங்காகும். பழைய புல்லட்காரர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஐம்பது நூறு ரூபாய் டக்பில்லை மாற்றிப் பாருங்கள். காய்ந்து இறுகிய ரப்பர்தான் பாதிக் கசிவுக்குக் காரணம்.

 

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்; என் வாதம் அதை நம்பி நிற்கவில்லை. 2017 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 ஆகிய விதிகளின்படி கிராங்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது. புகைச் சான்று எடுக்கும்போது கருவியின் முனை சைலன்ஸருக்குள் மட்டுமே போகும் என்பதால் பிடுங்கிய குழாய் அங்கே பிடிபடாது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து எழும் அந்தப் பெட்ரோல் நெடியை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டியை ஓட்டுபவரும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும்தான். எரியாத பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியான பொருள் அது. வீட்டுக்குள்ளேயே வண்டியை நிறுத்துகிறவர்கள் இதைக் கூடுதலாக எண்ணிப்பார்க்கட்டும்.

ஆக, குழாயை ஏற்கெனவே பிடுங்கியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். மாட்டும் முன் குழாய் காய்ந்து வெடித்திருக்கிறதா, எங்கேனும் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் ஆயில் தாங்கும் புதுக்குழாய் போடுங்கள், மீன்தொட்டிக் குழாய் வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து துடைத்து, ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி திறந்து பாருங்கள். உலர்ந்திருந்தால் ஊற்றியது அதிகம் என்பது உறுதி. மறுபடி ஆயில் தேங்கியிருந்தால் கம்ப்ரஷன் கேஜ் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். குட்டி ஃபில்டர் விற்பவரிடம் போக வேண்டாம்.